பிறபொருளெதிரியாக்கி அடையாளங்காணல்

பிறபொருளெதிரியாக்கி அடையாளங்காணல் என்பது உடலுக்குள் புகுந்த அயற்பொருளை நோயெதிர்ப்புத் தொகுதி இனங்கண்டுகொள்ளும் செயற்பாடாகும். நோயெதிர்ப்பு விளைவைத் தூண்டும் மூலக்கூறு பிறபொருளெதிரியாக்கி (ஆன்டிஜென்) எனப்படும். தீநுண்மங்கள், பாக்டீரியாக்கள் ஆகியவற்றின் புரதங்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். வெள்ளையணுக்களுள் பி உயிரணு, டி உயிரணு ஆகிய இரு வகைகள் இப்பணியைச் செய்கின்றன. அயற்பொருளை அவை காணும் முறைகள் வெவ்வேறானவை.

பி உயிரணுக்கள்

பி உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி, அவ்வுயிரணு பின்னர் சுரக்கவிருக்கும் பிறபொருளெதிரியின் வடிவத்தையே ஒத்தது. அது அயற்பொருளின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் சிறு பகுதியுடன் நேரடியாகப் பிணைகிறது. அயற்பொருள் சிதைக்கப்படாமல் முழுமையாக இருந்தாலும் இது நிகழும்.

டி உயிரணுக்கள்

தீநுண்மங்கள் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. அங்கே பிறபொருளெதிரிகளால் பொதுவாக அவற்றை அணுக இயலாது. ஆனால் உயிரணு தன்னுள் உள்ள புரதங்களைத் தொடர்ந்து துண்டுகளாக்கி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளைத் திசுப்பொருத்த மூலக்கூறுகளில் ஏற்றி மேற்பரப்பில் காட்டுகிறது. கொல்லும் டி உயிரணு, துண்டையும் அதைத் தாங்கும் மூலக்கூறையும் ஒருசேர உணர்கிறது. துண்டு அயலானதாயின் அவ்வுயிரணுவை அழிக்கிறது.

இம்மூலக்கூறுகளின் முதல் வகை, உட்கருவுள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் உண்டு. இரண்டாம் வகை, வெளியிலிருந்து விழுங்கப்பட்ட பொருட்களின் துண்டுகளை உதவி டி உயிரணுக்களுக்குக் காட்டுகிறது. இது பெருவிழுங்கிகள், கிளையுயிரணுக்கள், பி உயிரணுக்கள் போன்றவற்றில் காணப்படுகிறது.

கண்டுபிடிப்பு

ஆத்திரேலியாவின் கான்பராவில் பீட்டர் டோகெர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகிய இருவரும் மூளையுறை அழற்சி தரும் ஒரு தீநுண்மத்தை எலிகளில் ஆய்ந்தனர். தொற்றுற்ற எலியின் டி உயிரணுக்கள், அதே திசுப்பொருத்த வகையைச் சேர்ந்த தொற்றுற்ற உயிரணுக்களைக் கொன்றன. வேறு வகை எலியின் உயிரணுக்களில் அதே தீநுண்மம் இருந்தும் அவற்றைக் கொல்லவில்லை. அயலானதை அறிய, தனக்குரிய மூலக்கூறும் உடன் தேவை என்பதை 1974இல் வெளியான இம்முடிவு உணர்த்தியது. இதற்காக இருவரும் 1996ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

ஏற்பிகளின் பன்மையும் தேர்வும்

ஒவ்வோர் அயற்பொருளுக்கும் தனித்தனி மரபணு உடலில் இல்லை. மரபணுத் துண்டுகள் பலவாறு இணைந்தே எண்ணற்ற ஏற்பிகள் உருவாகின்றன. பிறபொருளெதிரி மரபணுக்களில் இம்மறுசீரமைப்பை 1976இல் காட்டிய சுசுமு டொனேகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். டி உயிரணு ஏற்பிகளும் இவ்வாறே தோன்றுகின்றன.

இணைவு தற்செயலானது என்பதால் தன்னுடலையே தாக்கும் ஏற்பிகளும் உருவாகலாம். டி உயிரணுக்கள் முதிரும் தைமசுச் சுரப்பியில், சொந்தத் துண்டுகளுடன் வலுவாகப் பிணைபவற்றுள் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. தப்பியவை பிற கட்டுப்பாடுகளையும் மீறினால், முதல் வகை நீரிழிவு போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் ஏற்படலாம்.

மருத்துவ முக்கியத்துவம்

மனிதரில் திசுப்பொருத்த மரபணுக்கள் 6ஆவது நிறப்புரியில் அமைந்துள்ளன. இவற்றின் மாற்றுருக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளமையால் உறவினரல்லாத இருவருக்குப் பொருத்தம் அமைவது அரிது. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் இருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு. எனவேதான் எலும்பு மச்சை மாற்றத்தின்போது முதலில் உடன்பிறந்தோர் சோதிக்கப்படுகின்றனர். தொற்றைக் காட்டிக்கொடுக்கும் அதே மூலக்கூறுகள், மாற்று உறுப்பை அயலானதெனக் காட்டி அதன் நிராகரிப்புக்கும் காரணமாகின்றன.