சங்கு முத்திரையிலிருந்து கியூஆர் கட்டம் வரை

இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. இந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாலுகா, கேரளம். அந்தப் பக்கம் பழைய விளவங்கோடு தாலுகா, குமரி மாவட்டம், தமிழ்நாடு. வீடு ஒரு மாநிலத்திலும் விளை மறு மாநிலத்திலுமாக வாழ்கிறவர்கள் இங்கே உண்டு. அரசுத் தாளை யார் அச்சிடலாம் என்ற கேள்வி அவர்களுக்கு அன்றாடக் காரியம்.

திருவிதாங்கூர் காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே அரசு. 1888-இல் வந்த அஞ்சல் தலையிலும் சங்குதான், நில ஆதாரம் எழுதும் தாளிலும் சங்குதான். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருவிதாங்கூர் நாளில் எழுதியவை என்பதால்தான் குமரி மாவட்டத்துப் பழைய ஆதாரங்கள் இன்றும் மலையாளத்தில் இருக்கின்றன, படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது.

அதன்பின் இரண்டு பக்கத்துக்கும் முத்திரைத்தாள் அடித்துத் தந்தது 1925-இல் தொடங்கிய நாசிக் பாதுகாப்பு அச்சகம். அச்சகம் ஒன்றானாலும் தாளில் பொறித்த மாநிலப் பெயர் வேறு. நிலம் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் தீர்வை சேர வேண்டும். களியக்காவிளையில் வாங்கிய பத்திரத்தை வைத்துப் பாறசாலை நிலத்தைப் பதிந்துவிட முடியாது.

விண்ணப்பப் பாரத்தை எந்த அச்சகமும் அடித்து விற்கலாம். தாலுகா ஆபீஸ் வாசல் கடைகளில் அப்படித்தான் விற்றது. முத்திரைத்தாள் கதையே வேறு. கள்ள முத்திரை அடித்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 255-ஆம் பிரிவு. அச்சுக் கருவியைத் தயாரித்து வைத்திருப்பதும் குற்றம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதில் இளகவில்லை. 1867-இன் அச்சகச் சட்டமோ, அச்சகம் வைத்திருப்பவர் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அச்சிடும் தாளில் தன் பெயரும் ஊரும் போட வேண்டும் என்றது.

இத்தனை காவலையும் அப்துல் கரீம் தெல்கி உடைத்தார். நாசிக்கில் கழித்துப்போட்ட இயந்திரங்களை வாங்கியே கள்ளப் பத்திரம் அடித்தார். 2001-இல் அவர் பிடிபட்டபோது, தாளின் தரத்தை மட்டும் நம்பினால் போதாது என்பது நாட்டுக்கே தெரிந்தது.

இன்றைய மாற்றம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. கேரளத்தில் 2017-இல் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தீர்வைக்கு இ-ஸ்டாம்ப் வந்தது, பிறகு சிறு தொகைகளுக்கும். ஸ்டாம்பு வெண்டர் இப்போது தன் கடைக் கணினியிலேயே அச்செடுத்துத் தருகிறார். சாதி, வருமானச் சான்றுகளை வில்லேஜ் ஆபீசர் மின் கையொப்பத்தோடு அனுப்புகிறார். அட்சயா சேவை மையத்திலோ வீட்டிலோ வெள்ளைத்தாளில் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கையொப்பத்துக்குச் சட்ட பலம் தந்தது 2000-இன் தகவல் தொழில்நுட்பச் சட்டம். தாள் யாருடையதாகவும் இருக்கட்டும், எண்ணும் கியூஆர் கட்டமும் அரசின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆனாலும் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. ஆதாரை இறக்கிச் சாதாரணத் தாளில் எடுத்தால் செல்லும். கடையில் பிளாஸ்டிக் அட்டையாக அடித்துக்கொள்வதை ஏற்க முடியாது என்று 2022-இல் ஆதார் ஆணையம் சொன்னது. அட்டையாக வேண்டுமென்றால் ஆணையத்திடமே பணம் கட்டிப் பெற வேண்டும். கண்டவர் கையில் நம் விவரத்தைக் கொடுப்பதைவிட அதுவே நல்லது.

தாலுகா வாசலில் நாள் முழுக்க நின்ற பாட்டி தாத்தாக்களை நினைத்தால் இந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன். ஒரு குறை மட்டும் நெஞ்சை உறுத்துகிறது, அது தமிழ் பற்றியது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அதே விதி. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த நாளில் இன்னொரு மொழிக்குச் செலவு அதிகம் என்று சொல்ல இடமிருந்தது. கணினியில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. நெய்யாற்றின்கரைத் தமிழர்களே, அடுத்த மனுவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்; பதிலையும் தமிழில் கேளுங்கள்.