துடுப்பை எடுக்கும் முன் அமாவாசையைப் பாருங்கள்

தேக்கா சந்தைக்கு அருகே, புக்கிட் தீமா சாலையை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். அதில் மிதக்கும் ஓர் இலையைப் பின்தொடர்ந்தால், அது லிட்டில் இந்தியாவின் ஓரமாகச் சென்று, ரோச்சோர் ஆற்றின் வழியாகக் காலாங் படுகையை அடையும். அங்கே வார இறுதிகளில் கயாக் படகுகள் வரிசையாக மிதக்கும். “அப்படியென்றால் தேக்காவிலேயே படகை இறக்கலாமே, சார்?” என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு.

கூடவே கூடாது. மழைநீரை மண் உறிஞ்சும். சிமெண்டுத் தரை உறிஞ்சாது. கால்வாயின் வழவழப்பான சுவர்கள் நீரைத் தடுப்பதும் இல்லை. மேற்பகுதியில் கொட்டும் மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே கால்வாயில் நீர் ஏறலாம். செங்குத்தான சுவரில் கரையேற இடம் எது?

ஜூன் பள்ளி விடுமுறையில் படகு விடத் திட்டமிடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, “எந்த ஆறு அழகு?” என்பதல்ல, “அந்த நீர் கடலோடு தொடர்புடையதா, இல்லையா?” என்பதுதான். சிங்கப்பூரின் பெரும்பாலான ஆறுகளின் முகத்துவாரம் இன்று அணையால் மூடப்பட்டிருக்கிறது. நாட்டின் மிக நீளமான காலாங் ஆறு சுமார் 10 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஆறு 3 கிலோமீட்டர் சொச்சம். இரண்டும் சேரும் இடத்தைக் கடலிலிருந்து பிரிப்பது 2008இல் திறக்கப்பட்ட 350 மீட்டர் நீள மரினா அணைக்கட்டு. கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் அதன் ஒன்பது மதகுகள் திறக்கும். கடல் உயர்ந்திருந்தால் ராட்சத பம்புகள் நீரை வெளியே இறைக்கும். ஆகவே உள்ளே நீர்மட்டம் பெரிதாக மாறுவதில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இத்தகைய நீர்தான் ஏற்றது.

அங்கேயும் காற்றைக் கவனிக்க வேண்டும். தடையில்லாத நீர்ப்பரப்பில் காற்று எவ்வளவு தூரம் வீசுகிறதோ, அவ்வளவுக்கு அலை வளரும். முன்பு மணல் தோண்டிய பள்ளமாக இருந்த பிடோக் நீர்த்தேக்கம் அகன்று திறந்து கிடக்கிறது. 1868இல் கட்டி முடிக்கப்பட்ட மெக்ரிட்சியோ காட்டுக்குள் கை விரித்தாற்போல வளைந்து கிடக்கிறது. மரங்கள் காற்றை மறைக்கும். முதல் பயணத்துக்கு என் தேர்வு மெக்ரிட்சிதான். குரங்குகளிடமிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

அணையில்லாத நீரில்தான் விஷயமே இருக்கிறது. ஈசூனுக்கு வடக்கே ஜோகூர் நீரிணையில் கலக்கும் காத்திப் போங்சு ஆறு, அணை கட்டப்படாமல் எஞ்சியிருக்கும் சிலவற்றுள் ஒன்று. இருபுறமும் சதுப்புநில மரங்களின் வேர்கள் நீருக்குள் இறங்கும், மீன்கொத்திகளைப் பார்க்கலாம். இங்கே ஆற்றை நடத்துவது நிலா. ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீர் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். இதைப் பாடநூல்கள் ஓதம் என்கின்றன. ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

நீர் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. மாலுமிகளின் பழைய கணக்கு ஒன்று உண்டு: மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு இறங்கும். ஒரு நாள் இறக்கம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர்தான், யாருக்கும் தெரியாது. மூன்றாவது மணியிலோ 60 சென்டிமீட்டர். அரை மீட்டர் ஆழமுள்ள ஓடையில் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேற்றில் உட்கார்ந்துவிடுவார்கள். முழங்கால் வரை புதையும் சேற்றில் நடந்து வரவும் முடியாது. அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எனவே ஏற்றத்தோடு உள்ளே போங்கள். உச்சத்தை எட்டியதும் திரும்புங்கள். நீரோட்டமும் உங்கள் பக்கம் இருக்கும். புதியவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுவதாகக் கொண்டால், எதிரே 2 கிலோமீட்டர் வேக நீரோட்டம் வந்தால் மிஞ்சுவது பாதிதான். கால் மணி நேரத்தில் கடக்கும் ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி ஆகும், அதுவும் கை ஓய்ந்த பிறகு. இப்படிப்பட்ட இடத்துக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

நீர் எதுவானாலும் மின்னல் பொது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கும் மேல் இடி மின்னல் உண்டு. தட்டையான நீர்ப்பரப்பில் உங்கள் தலையும் தூக்கிய துடுப்பும்தான் உயரமான பொருள்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் புயல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கரையேறி கட்டடத்துக்குள் செல்லுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை திரும்பாதீர்கள். நிலம் சூடேறி மேகம் கட்டுவது பெரும்பாலும் பிற்பகலில் என்பதால் காலை நேரம் நல்லது. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியலிலும் காலையிலும் தாக்கும். மேற்கு வானம் கறுத்தால் படகை இறக்க வேண்டாம்.

பாறைகளுக்கிடையே துள்ளும் ரப்பர் தெப்பப் பயணம் மட்டும் இங்கே கிடைக்காது. நம் உச்சியான புக்கிட் தீமா குன்று 164 மீட்டரைத் தொடவில்லை. நீர் பாய்வதற்குச் சரிவு வேண்டாமா? அதற்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோப்பெங் அருகே ஓடும் கம்பார் ஆற்றுக்குப் போகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியதை மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயிர்’ என்பார்கள். நீரின் தலை என்று பொருள். மலையில் பெய்த மழை ஒரே திரளாக இறங்கி வருவது அது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், படம் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.