573 டிகிரியில ஒரு டைம்அவுட்

இன்னைக்கு விருத்தாசலம் போறோம். பக்கத்துல நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண் கிடைக்கிறதால வளர்ந்த செராமிக் ஊர். அங்க ஒரு சின்னப் பட்டறையில கேஸ் சூளை ஓடுறதா வெச்சுக்குங்க. சூளையில ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், அதிலிருந்து ரெண்டு ஒயர், அந்தப் பக்கம் ஒரு ராஸ்பெரி பை. நம்ம பைத்தான் புரோகிராம் ரெண்டு கேள்வியை மாத்தி மாத்திக் கேட்குது: "இப்ப எவ்வளவு சூடு?", "எவ்வளவு இருக்கணும்?" இதுதான் போலிங்.

கன்ட்ரோலர் பேசுறது மாட்பஸ் ஆர்டியூ. 1979-ல வந்த பழைய மொழி. 9600 பாட் வேகத்துல ஒரு பைட் போக சுமார் 1.15 மில்லிசெகண்ட். கேள்வி 8 பைட், பதில் 7 பைட். ஆக ஒயர்ல 17 மில்லிசெகண்டுதான். அதனால டைம்அவுட் 50 போதும்னு தோணும். ஆனா கன்ட்ரோலர் யோசிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கே! அது எப்பவாவது 80 கூட எடுத்துக்கும்.

அப்படி ஒரு தடவை "இப்ப எவ்வளவு?"ங்கிற கேள்வி டைம்அவுட் ஆகுது. நாம விட்டுட்டு, அரை செகண்ட் தூங்கி, "எவ்வளவு இருக்கணும்?"னு கேட்கிறோம். இதுக்குள்ள லேட்டா வந்த பழைய பதில் பஃபர்ல உட்கார்ந்திருக்கு. அதை எடுத்து இதுக்கு விடையா எழுதிக்கிறோம். உண்மையான பதில் அப்புறம் வந்து, அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கும். அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணு தள்ளித்தான். எர்ரர் வராது, சிஆர்சி சரியா இருக்கும். ஏன்னா ஆர்டியூ பதில்ல எந்தக் கேள்விக்கான பதில்னு வரிசை எண் கிடையாது. மாட்பஸ் டிசிபியில உண்டு.

(சுந்தரர் பொன்னை மணிமுத்தாற்றுல போட்டுத் திருவாரூர்க் குளத்துல எடுத்த கதை இந்த ஊர்க் கதைதான். அவருக்குக் கிடைச்சது அதே பொன். நமக்குக் கிடைக்கிறது வேற நம்பர்!)

இப்ப திரையைப் பாருங்க. "உண்மைச் சூடு"ங்கிற இடத்துல செட் பண்ணின சூடு ஓடுது. கிராஃப் கோடு போட்ட மாதிரி அழகா இருக்கும். எனக்கு இந்த பக்ல பயமே அந்த அழகுதான். சூளை ஆறுறப்போ நிஜச் சூடு எப்பவும் கொஞ்சம் பின்தங்கும். திரை 550 காட்டும்போது உள்ள 590 இருக்கலாம். குவார்ட்ஸ் 573 டிகிரியில சட்டுனு சுருங்கும். அந்த எல்லையை மெதுவாத் தாண்டணும். தாண்டியாச்சுன்னு நம்பிக் கதவைத் திறந்தா, ஒரு லோடு சரக்கும் விரிசல் விட்டுடும்.

சரி பண்றது எப்படி? டைம்அவுட்டை 300 ஆக்குங்க, ஆனா அது மட்டும் போதாது. டைம்அவுட் ஆனா உடனே அடுத்ததைக் கேட்காம, இன்னும் கொஞ்சம் காத்திருந்து பஃபரைக் காலி பண்ணுங்க. பைசீரியல்ல அதுக்கு ஒரே வரி. ரெண்டு ரெஜிஸ்டரும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஒரே கேள்வியில படிச்சுடுங்க, குழப்பத்துக்கே இடமில்ல. முக்கியமா, பதில் வரலன்னா பழைய நம்பரைத் திரையில விட்டு வைக்காதீங்க. கோடு போட்டு, "40 செகண்டா தகவல் இல்ல"ன்னு காட்டுங்க. சூளைக்காரருக்குப் பொய் நம்பரைவிட வெறும் கோடு மேல்.

இன்னொண்ணு, கரண்ட் கட். பழைய ராஸ்பெரி பைல பேட்டரி கடிகாரம் கிடையாது. பூட் ஆகும்போது பழைய நேரம், நெட் வந்ததும் ஒரே தாவல். டைம்அவுட்டை "டைம் டாட் டைம்" வெச்சு கணக்குப் பண்ணியிருந்தா, அந்தத் தாவல்ல எல்லாமே டைம்அவுட். கடிகாரம் பின்னாடி போனா, காத்திருப்பு அந்த அளவுக்கு நீண்டுடும். பைத்தான் 3.3-லேர்ந்து "டைம் டாட் மோனோடோனிக்" இருக்கு. அது பின்னாடி போகாது, நெட் நேரத்துக்காகத் தாவாது. டைம்அவுட்டுக்கு அதையே போடுங்க.

சோதிக்கணும்னா சூளை எரிய வேண்டாம். கன்ட்ரோலர் மாதிரி பதில் சொல்ற குட்டி புரோகிராம் ஒண்ணு எழுதி, பத்துல ஒரு பதிலை வேணும்னே லேட்டா அனுப்புங்க. பழைய கோட் அஞ்சே நிமிஷத்துல மாட்டிக்கும்.