ஓரினம், பல உருவம்

அரபு நாடுகளிலும் ஈரானிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மானையும் முயலையும் விரட்டிப் பிடித்துவரும் வேட்டை நாய், சலூகி. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய் இது. ஆண் சலூகியின் தோள் உயரம் 23 முதல் 28 அங்குலம் வரை இருக்கலாம். ஒரே இனத்துக்குள் ஐந்து அங்குல வித்தியாசம்! பெண் நாய் இன்னும் கணிசமாகச் சிறுத்திருக்கலாம்; இனத்தின் தர விதியே அதை ஏற்கிறது. சிலவற்றுக்குக் காதிலும் வாலிலும் பட்டுப்போல் நீண்ட முடி தொங்கும்; சிலவற்றுக்கு உடல் முழுக்கக் குட்டை முடிதான்.

ஏன் இத்தனை வேறுபாடு? மணல்வெளியில் ஓட ஒரு வாகு வேண்டும், பாறை மலையில் ஓட வேறொரு வாகு. ஒவ்வொரு பழங்குடியும் தன் நிலத்துக்கும் தன் வேட்டைக்கும் ஏற்ற நாயையே பேணி வளர்த்தது. அழகான மரபு ஒன்றும் இதில் உண்டு: சலூகியை விற்பதில்லை, மதிப்புக்குரியவருக்குப் பரிசாகக் கொடுப்பார்கள். அப்படிப் பல திசைகளிலிருந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துத்தான் 1923இல் பிரிட்டனில் தர விதியை எழுதினார்கள்.