ஜெயித்தால் மட்டும் பீஸ்

ஜெயித்தால் மணிக்கு 60 டாலர், தோற்றால் 30. தெற்கு கலிபோர்னியாவில் கொரோனா என்றொரு ஊர் (அப்போது அந்தப் பெயர் யாரையும் பயமுறுத்தவில்லை). அதன் நகராட்சி ஒரு வெளி வக்கீலோடு போட்ட ஒப்பந்தம் இது. ஊரில் ஆபாசப் புத்தகம் விற்ற கடையைப் பொதுத்தொல்லை என்று வழக்குப் போட்டு மூட வைப்பதுதான் அவருக்குத் தந்த வேலை. கடைக்காரர் தரப்பு கோர்ட்டில் கேட்ட கேள்வி சுலபமானது: எங்கள் மேல் வழக்குப் போடுவது அரசு, அந்த அரசுக்காகப் பேசுகிறவருக்கு எங்கள் தோல்வியில் மணிக்கு 30 டாலர் லாபம் இருக்கலாமா?

கூடாது என்றது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். ஆண்டு 1985. அரசு வக்கீல் ஜெயிப்பதற்காக மட்டும் நிற்பவரல்ல, எதிராளிக்கும் நியாயம் பார்க்க வேண்டியவர் என்று சொல்லி, அந்த வக்கீலை வழக்கிலிருந்தே விலக்கியது. நம் ஊர்க்காரருக்கு இதில் வியப்பு இருக்காது. இந்தியாவில் வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அமெரிக்காவில் தனியாருக்கு அது அன்றாட வழக்கம். அரசுக்குத்தான் கூச்சம் இருந்தது.

அந்தக் கூச்சத்தைக் கலைத்தது புகையிலை. சிகரெட் கம்பெனிகள் மீது மிசிசிப்பி மாநிலம் 1994ல் தொடங்கி வைத்த வழக்கு வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. 1998ல் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தருவதாக உடன்பாடு ஆனது. இத்தனை பெரிய கம்பெனிகளோடு மோதும் செலவைப் பல மாநிலங்களில் வெளி வக்கீல்கள்தான் தாங்கினார்கள். கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) இதைக் கவனித்துக்கொண்டிருந்தன.

2000ல் சான்டா கிளாரா கவுன்டி ஈய பெயின்ட் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. அந்த பெயின்ட் 1978லேயே வீடுகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய வீட்டுச் சுவரில் உரிந்து விழும் துணுக்கும் தூசியும் தவழும் குழந்தையின் கையிலிருந்து வாய்க்குப் போகிறது, மூளையைப் பாதிக்கிறது. வேறு ஊர்களும் சேர்ந்து மொத்தம் பத்து ஆயின. வெளி வக்கீல்களுக்குக் கைக்காசு கிடையாது, கிடைப்பதில் பங்கு மட்டும். கம்பெனிகள் 1985 தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடின.

2010ல் அதே உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பின் எல்லையைச் சுருக்கியது. இங்கே யாருடைய கடையும் மூடப்படப் போவதில்லை, ஆகவே பங்குக்கு வக்கீல் வைக்கலாம். கடிவாளம் மட்டும் அரசு வக்கீல் கையில் இருக்கட்டும் என்றது. சமரசம் பேசி முடிப்பது அரசு வக்கீலின் உரிமை, எதிர்த்தரப்பு விரும்பினால் அவரையே நேரடியாகத் தொடர்புகொள்ளலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சான்டா கிளாரா பெரிய கவுன்டி, சட்டத்துறையில் ஆள்பலம் உண்டு. ஒரேயொரு வக்கீலை வைத்திருக்கும் சின்ன ஊரில், பெட்டி பெட்டியாக ஆவணம் படித்த வெளி வக்கீலிடம் "வேண்டாம், நிறுத்து" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கடிவாளம் ஒருவர் கையில், வண்டியும் குதிரையும் தீவனமும் இன்னொருவருடையது.

பெயின்ட் வழக்கில் 2014ல் 115 கோடி டாலர் என்று தீர்ப்பானது, மேல்முறையீட்டில் குறைந்து, 2019ல் 30.5 கோடிக்கு முடிந்தது. பத்தொன்பது வருடம். தோற்றிருந்தால் வெளி வக்கீல்களுக்கு ஒரு காசு தேறியிருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று கூச்சம் போய்விட்டது, பேரம் வந்துவிட்டது. ஓபியாய்டு வலி மாத்திரைகளுக்கு அடிமையானவர்களால் வந்த செலவைக் கேட்டு, 2017க்குப் பிறகு ஆயிரக்கணக்கான கவுன்டிகளும் நகரங்களும் ஓஹையோவின் கிளீவ்லாந்து கோர்ட்டில் குவிந்தன. புகையிலைப் பணம் மாநில கஜானாவோடு நின்றுபோனதைப் பார்த்த ஊர்கள் இம்முறை தாமாகவே வக்கீல் பிடித்தன. 2021ல் நீதிபதி டான் போல்ஸ்டர் அந்த வக்கீல்களின் பங்குக்கு 15 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்.

டெக்சஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 சட்டப்படி, அங்கே ஒரு ஊராட்சி இப்படியொரு பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பொது அறிவிப்பு தர வேண்டும், மாநில அட்டர்னி ஜெனரலின் ஒப்புதலும் வாங்க வேண்டும். அறிவிப்பில் சொல்ல வேண்டிய காரணங்களில் ஒன்று: இந்த வக்கீலுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஏன் கொடுக்க முடியாது?