ஒரு சவாரிக்குப் பதினாறு ஆட்டோ!

சென்ற வாரம் சித்தப்பா போன் செய்தார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். "பிரவுசர் ஒண்ணுதாண்டா திறந்தேன். டாஸ்க் மானேஜர்ல பார்த்தா நூறு புரோகிராம் ஓடுது. வைரஸா?" என்று கேட்டார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலருக்கும் வரும் பயம்தான் இது.

அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஓடிக் கொண்டிருப்பவை அல்ல. 'சிபியு' என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு நேராக 0% என்றுதான் இருக்கும். அதாவது அவை தூங்குகின்றன. தூங்கும் புரோசஸ் மெமரியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். சிபியுவின் நேரத்தை எடுத்துக் கொள்ளாது. அதை வேலை இல்லாமலே எழுப்பி விடும்போதுதான் தொல்லை. இதனை நன்றாகப் புரிந்து கொள்ள வெப் சர்வரைப் பார்க்கலாம். சாஃப்ட்வேர் இன்ஜினியரான நானே இதில் ஏமாந்திருக்கிறேன்.

நீங்கள் பிரவுசரில் ஓர் இணைய தளத்தின் முகவரியை டைப் செய்தவுடன், எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் வெப் சர்வர் என்ற புரோகிராம் அந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்புகிறது. ஒரே நேரத்தில் பலர் கேட்பார்கள் என்பதால், அது தன்னைப் போலவே பல வொர்க்கர் புரோசஸ்களை உருவாக்கி வைத்துக் கொள்ளும். எல்லா வொர்க்கரும் ஒரே வாசலில் (இதனை போர்ட் என்பார்கள்) தூங்கியபடி காத்திருக்கும்.

இப்போது பஸ் ஸ்டாண்டு வாசலை நினைத்துக் கொள்ளுங்கள். பதினாறு ஆட்டோக்கள் நிற்கின்றன. டிரைவர்கள் கண் அயர்ந்திருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து ஒரே ஒருவர் இறங்குகிறார். பதினாறு பேரும் எழுந்து ஓடி வருகிறார்கள். ஒருவருக்குச் சவாரி கிடைக்கிறது. மற்ற பதினைந்து பேரும் திரும்பிப் போய்ப் படுக்கிறார்கள். பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் வெப் சர்வர் இப்படித்தான் அவதிப்பட்டது. மிரண்டு ஓடும் மாட்டு மந்தையை நினைத்து இதற்கு 'தண்டரிங் ஹெர்டு' என்று பெயர் வைத்தார்கள்.

எழுந்து படுப்பதில் என்ன நஷ்டம்? ஒவ்வொரு முறையும் சிபியு தான் செய்து கொண்டிருந்த வேலையின் நிலையைக் குறித்து வைத்து விட்டு, எழுந்தவருடையதை எடுத்து வைக்க வேண்டும். கேஷ் மெமரியில் இருந்த பழைய தகவல்களும் இடம் இழக்கும். ஒரு முறைக்கு ஆகும் நேரம் மிகக் குறைவுதான். ஆனால் வரும் ஒவ்வொருவருக்கும் பதினைந்து வீண் எழுப்பல் என்று பெருக்கிப் பாருங்கள்.

2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4 கெர்னல், புதிய இணைப்பு வந்தால் காத்திருப்பவர்களில் ஒருவரை மட்டும் எழுப்பியது. பிரச்னை தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அடுத்து, ஒரே வொர்க்கர் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்க உதவும் 'இபோல்' என்ற வசதி வந்தது. அதன் வழியாகக் காத்திருந்தால் மறுபடியும் கூட்டமாக எழுந்தார்கள்! 2004ல் வெளியான என்ஜின்எக்ஸ் சர்வர் இதற்காக 'ஆக்செப்ட் மியூடெக்ஸ்' என்ற பூட்டை வைத்துக் கொண்டது. பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே வாசலைப் பார்ப்பார்.

நான் மாட்டிக் கொண்டது இந்தப் பூட்டில்தான். வீட்டில் இருந்த ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, குடும்பப் போட்டோக்களை எல்லோரும் பார்க்க என்ஜின்எக்ஸ் நிறுவியிருந்தேன். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும் என்பது கணக்கு. தாங்கவில்லை. யாரும் போட்டோ பார்க்காத நடு இரவிலும் லேப்டாப் சூடாகவே இருந்தது. 'பவர்டாப்' என்ற புரோகிராமை இயக்கினேன். யார் யார் நொடிக்கு எத்தனை முறை சிபியுவை எழுப்புகிறார்கள் என்று அது காட்டும். பட்டியலில் என்ஜின்எக்ஸ் மேலே நின்றது.

தவறு என்னுடையதுதான். வொர்க்கர் கூடினால் வேகம் கூடும் என்று எண்ணி, இரண்டே கோர் உள்ள லேப்டாப்பில் பதினாறு என்று கொடுத்திருந்தேன். பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து பூட்டையும் ஆன் செய்து வைத்திருந்தேன். பூட்டு கிடைக்காத வொர்க்கர் சும்மா தூங்குவதில்லை, 500 மில்லி செகண்டுக்கு ஒரு முறை எழுந்து "காலியா?" என்று கேட்டு விட்டுப் படுக்கும். பதினைந்து பேர், நொடிக்கு இரண்டு முறை. வேலையே இல்லாதபோது நொடிக்கு முப்பது எழுப்பல்! சிபியு ஆழ்ந்த தூக்கத்திற்குப் போனால்தானே பேட்டரி மிச்சமாகும்?

இப்போது இந்தப் பூட்டு பெரும்பாலும் தேவையில்லை. 2016ல் வந்த லினக்ஸ் 4.5 கெர்னலில், 'இபோல் எக்ஸ்க்ளூசிவ்' என்ற வசதி மூலம் எல்லோரையும் எழுப்பாமல் தவிர்க்கலாம். அதே ஆண்டு என்ஜின்எக்ஸ் 1.11.3 பதிப்பிலிருந்து பூட்டு தானாகவே ஆஃப் நிலையில் வருகிறது. என்னைப் போல் பழைய குறிப்பைப் பார்த்து ஆன் செய்தால்தான் வம்பு. அந்த வரியை நீக்கினேன். வொர்க்கர் எண்ணிக்கையை 'ஆட்டோ' என்று மாற்றினேன். (நம் மூன்று சக்கர ஆட்டோ அல்ல! கோர்களின் எண்ணிக்கையைத் தானே பார்த்து அமைத்துக் கொள்ளும்.) சர்வரை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் பவர்டாப்பைப் பார்த்தபோது என்ஜின்எக்ஸ் பட்டியலின் அடிக்குப் போய் விட்டிருந்தது.

'ரீயூஸ்போர்ட்' என்று இன்னொரு வழியும் உண்டு. லினக்ஸ் 3.9 கெர்னலில், 2013ல் வந்தது. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் தனித்தனி வரிசை என்று வைத்துக் கொள்ளுங்கள். கூட்டம் மிகுந்த சர்வர்களுக்கு இது நல்லது. ஆனால் ஓர் ஆட்டோ ரிப்பேராகி நின்றால், அதன் வரிசையில் வந்தவர் பக்கத்து ஆட்டோ காலியாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். வீட்டு சர்வருக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

சித்தப்பாவிடம் டாஸ்க் மானேஜரில் 'சிபியு' தலைப்பில் ஒரு கிளிக் செய்யச் சொன்னேன். அதிகம் உழைப்பவை மேலே வந்தன. முதலிடத்தில் இருந்தது டாஸ்க் மானேஜரேதான்.