வெகுளியின் பிறப்பிடம்

வெகுளாமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தார்க்கு அது வேண்டாவோ எனின், மிகவும் வேண்டும். வெகுளி பிறக்குமிடமே இல்லம் அன்றோ?

பதினைந்து வயதினன் ஒருவன் மேசையை உதைத்தால், காலம் கெட்டது என்று ஆசிரியர் அறையில் தீர்ப்புக் கூறிவிடுவர். எங்கள் மன்னார்க் கரையில் அத்தீர்ப்புச் செல்லாது. 1990இல் முஸ்லிம் மக்கள் இத்தீவினின்றும் வெளியேற்றப்பட்டனர். தமிழர் பலர் படகேறி மண்டபம் முகாமை அடைந்தனர். 2009இல் போர் ஓய்ந்தது. வீடுகளில் ஓய்ந்ததா?

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளை ஆராய்ந்த கிளாடியா கட்டானி குழுவினர், 2008இல் தம் முடிவை வெளியிட்டனர். போரை மிகுதியாகக் கண்ட பிள்ளைகளும், குடிக்கும் தந்தையரின் பிள்ளைகளும் வீட்டில் மிகுதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தனர்.

அடி சினமாக மாறும் வகையை அமெரிக்க அறிஞர் ஜெரால்ட் பற்றர்சன் 1982இல் விளக்கினார். தாய் ஏவுகிறாள், மகன் கத்துகிறான், அவள் சலித்து விட்டுவிடுகிறாள். கத்தினால் வெல்லலாம் என அவன் கற்கிறான். மறுநாள் அவள் அடிக்க, அவன் அடங்குகிறான். அடியே வழியென அவள் கற்கிறாள். அப்பாடத்தையே அவன் வகுப்பில் ஒப்புவிக்கிறான்.

பள்ளிகளில் உடற்றண்டனையை 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை விலக்கியது. பிரம்பைத் துறக்க மனமில்லாதார் இன்னும் உளர். நான் மாணவனின் வீட்டுக்குச் செல்வதையே விரும்புகிறேன். பேசாலையில் ஒரு தந்தை வலையைச் செப்பனிட்டபடியே, "ஐயா, என்னையும் அப்பு அடிச்சுத்தானே வளர்த்தவர்" என்றார். இருட்டும்வரை பேசியிருந்தோம். மகன் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.